ஸ்பானிஷில் குடும்பத்தைப் பற்றி எழுத: ஏழு வாக்கியமும் அதில் உள்ள பிழைகளும்

வெண்பலகை:
ஏ1 நிலையில், அதாவது தொடக்கநிலையில், குடும்பத்தை விவரிக்கும் பயிற்சிக்கு மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீதா காலோ 1936இல் வரைந்த ஓவியத்தை எடுத்துக்கொண்டேன். ஓவியத்தின் தலைப்பு 'மிஸ் அபுவேலோஸ், மிஸ் பாத்ரேஸ் இ யோ' (என் தாத்தா பாட்டி, என் பெற்றோர், நான்). ஒருபக்கம் அம்மா வழித் தாத்தா பாட்டி, மறுபக்கம் அப்பா வழித் தாத்தா பாட்டி, நடுவில் பெற்றோர், கீழே வீட்டு முற்றத்தில் சிவப்பு நாடாவைப் பிடித்தபடி சிறுமி ஃப்ரீதா. அதைப் பார்த்து எழுதிய ஏழு வாக்கியங்கள்:

1. ஃப்ரீதா பிந்த்தோரா.
2. ஸு பாத்ரே எஸ் ஊன் ஃபொத்தோக்ரஃபோ.
3. ஆ ஃப்ரீதா ஆய் த்ரேஸ் எர்மானாஸ்.
4. க்ரிஸ்தீனா எஸ் மாஸ் மெனோர்.
5. 1929இல் தியேகோ எஸ் குவரேந்த்தா இ தோஸ் ஆனோஸ்.
6. ஃப்ரீதா கியேரே ஸு பாத்ரே.
7. ஸு பேலோ எஸ் நேக்ரோ.

சொல்ல நினைத்தது: ஃப்ரீதா ஓவியர். அவர் அப்பா புகைப்படக்காரர். ஃப்ரீதாவுக்கு மூன்று சகோதரிகள். க்ரிஸ்தீனா இளையவர். 1929இல் ஃப்ரீதாவின் கணவர் தியேகோவுக்கு 42 வயது. ஃப்ரீதாவுக்கு அப்பா என்றால் பாசம். அவருக்குக் கறுப்புத் தலைமுடி. எது தவறு, ஏன் தவறு என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பொதிகை:
முதல் வாக்கியத்தில் வினையே இல்லை. தமிழில் 'ஃப்ரீதா ஓவியர்' என்று இரண்டு பெயர்ச்சொல்லை அடுத்தடுத்து வைத்தாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஸ்பானிஷில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. 'ஃப்ரீதா எஸ் பிந்த்தோரா.' தமிழர்கள் எழுதும்போது அடிக்கடி விடுபடுவது இந்த 'எஸ்' தான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு அடியில் கோடு போடுங்கள். கோடு போட இடம் கிடைக்காத வாக்கியத்தில் பெரும்பாலும் 'எஸ்' விடுபட்டிருக்கும்.

இரண்டாவதில் 'ஊன்' வேண்டாம். தொழிலை மட்டும் சொல்லும்போது அதற்கு முன் 'ஒரு' வராது: 'எஸ் ஃபொத்தோக்ரஃபோ'. தமிழிலும் 'அவர் அப்பா புகைப்படக்காரர்' என்றுதானே சொல்கிறோம். 'அவர் அப்பா ஒரு புகைப்படக்காரர்' என்பது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். தொழிலோடு ஓர் அடைமொழி சேரும்போது மட்டும் 'ஊன்' வேண்டும்: 'எஸ் ஊன் ஃபொத்தோக்ரஃபோ முய் புவேனோ', மிக நல்ல புகைப்படக்காரர்.

நெய்தல்:
மூன்றும் ஐந்தும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள். தமிழில் 'எனக்கு மூன்று அக்கா', 'எனக்கு 42 வயது' என்று இரண்டுக்கும் 'கு' உருபு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் 'தெனேர்' என்ற வினை. உடையவர் எழுவாயாக வருவார். நிகழ்கால வடிவங்கள், நான், நீ, அவர், நாம், நீங்கள் (பலர்), அவர்கள் என்ற வரிசையில்: தெங்கோ, தியேனெஸ், தியேனே, தெனேமோஸ், தெனேய்ஸ், தியேனென். ஐந்தாவதான 'தெனேய்ஸ்' ஸ்பெயினில்தான் புழக்கம். லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் 'தியேனென்' தான்.

திருத்தம்: 'ஃப்ரீதா தியேனே த்ரேஸ் எர்மானாஸ்.' 'தியேகோ தியேனே குவரேந்த்தா இ தோஸ் ஆஞோஸ்.'

'ஆய்' என்பது 'இங்கே இருக்கிறது, உண்டு' என்று சொல்ல மட்டும். 'என் வீட்டில் நான்கு பேர்' என்றால் 'ஆய்'. 'எனக்கு நான்கு பேர்' என்றால் 'தெனேர்'.

நீங்கள் 'ஆனோஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டிப்பாக மாற்றுங்கள். ஆண்டு என்பது 'ஆஞோ'. அலைக்கோடு போட்ட அந்த எழுத்துக்கு நம் 'ஞ' சரியாகப் பொருந்தும். கோட்டை விட்டுவிட்டால் 'ஆனோ'. அதற்கு ஆசனவாய் என்று பொருள். தேர்வுத்தாளில் மட்டுமல்ல, கைப்பேசித் தட்டச்சிலும் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஸ்பானிஷ் விசைப்பலகையை முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள்.

வயதில் இன்னொன்று. 'ஊனோ' என்று முடியும் எண் 'ஆஞோஸ்' முன்னால் கடைசி எழுத்தை இழக்கும். 21 வயது 'பெய்ந்த்தியூன் ஆஞோஸ்', 31 வயது 'த்ரேய்ந்த்தா இ ஊன் ஆஞோஸ்'. 'ஊனோ எர்மானோ' அல்ல, 'ஊன் எர்மானோ' என்பதும் இதே விதிதான்.

பொதிகை:
ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு, இழையைப் படிப்பவர்கள் குழம்பாமல் இருக்க. ஸ்பானிஷ் 'த' பல்லில் நாக்கு படும் நம் 'த' தான். ஆங்கிலப் பழக்கத்தில் 'டெங்கோ', 'டீயோ' என்று சொல்லாதீர்கள். உயிர்களுக்கு நடுவே வரும் மெல்லிய ஒலியை ஒற்றைத் 'த'வாலும் ('கஸாதோ', நம் 'அது' போல), வல்லொலியை 'த்த'வாலும் ('நியேத்தோ', நம் 'பத்து' போல) எழுதுகிறோம். இந்த வேறுபாடு தமிழ் நாக்குக்கு இயல்பாகவே வரும்.

கரிசல்:
ஆறாவது வாக்கியத்தில் ஒரே ஓர் எழுத்துதான் குறைகிறது. ஆனால் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் அதுதான் என்பேன். 'ஃப்ரீதா கியேரே ஆ ஸு பாத்ரே.' செயப்படுபொருள் குறிப்பிட்ட மனிதராக இருந்தால் அதன் முன் 'ஆ' வர வேண்டும்.

ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இது புரியாத விதி, மனப்பாடம்தான் செய்கிறார்கள். நமக்கு இது 'ஐ' உருபு. 'வீடு பார்த்தேன்' என்கிறோம், 'புத்தகம் வாங்கினேன்' என்கிறோம். 'அம்மா பார்த்தேன்' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். 'அம்மாவைப் பார்த்தேன்' தான். மனிதருக்கு உருபு கட்டாயம், பொருளுக்கு உருபு இல்லாமலும் வரலாம். ஸ்பானிஷ் 'ஆ'வும் இதே மனிதர்–பொருள் வேறுபாட்டில்தான் நிற்கிறது. 'பேயோ லா காஸா', வீட்டைப் பார்க்கிறேன். 'பேயோ ஆ மி மாத்ரே', அம்மாவைப் பார்க்கிறேன். 'பிஸீத்தோ ஆ மிஸ் அபுவேலோஸ்', தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிறேன்.

பொருத்தம் முழுமையானது அல்ல. 'அந்த வீட்டைப் பார்' என்று பொருளுக்கும் நாம் 'ஐ' போடுவோம். ஸ்பானிஷில் வீட்டுக்கு 'ஆ' வராது. எனவே சோதனையை மனிதர்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 'தெனேர்' உடன் எண்ணிக்கை சொல்லும்போது 'ஆ' கிடையாது: 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்'. தமிழிலும் அங்கே 'ஐ' இல்லை, 'எனக்கு இரண்டு தம்பி' தான். இந்த இடத்தில் நீங்கள் ஆங்கிலத்தை மறந்து தமிழில் யோசித்தால் பாதிப் பிழை குறையும்.

ஒரு சேர்க்கை: 'ஆ' வும் 'எல்' லும் அடுத்தடுத்து வந்தால் 'அல்' ஆகும், 'தெ' யும் 'எல்' லும் 'தெல்' ஆகும். 'பேயோ அல் எர்மானோ தெ தியேகோ', 'லா காஸா தெல் அபுவேலோ'. 'அவர்' என்று பொருள்படும், மேலே கோடு போட்ட 'எல்' மட்டும் சேராது.

வெண்பலகை:
'ஐ' ஒப்பீடு நன்றாகப் பிடிபடுகிறது. நான்கும் ஏழும்?

நெய்தல்:
நான்காவது: 'மெனோர்' என்பதிலேயே 'விட இளைய' என்ற பொருள் இருக்கிறது. அதன் முன் 'மாஸ்' போட்டால் 'இன்னும் அதிக இளைய' என்று இரட்டிக்கும். 'க்ரிஸ்தீனா எஸ் மெனோர் கே ஃப்ரீதா.' எத்தனை வயது என்றும் சொல்லலாம்; எண்ணிக்கை முன்னால் வரும். தியேகோ ரிவேரா பிறந்தது 1886, ஃப்ரீதா 1907: 'தியேகோ எஸ் பெய்ந்த்தே ஆஞோஸ் மயோர் கே ஃப்ரீதா.'

அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நமக்கு நான்கு சொல். ஸ்பானிஷில் 'எர்மானோ', 'எர்மானா' இரண்டுதான். மூப்பு சொல்ல 'மயோர்', 'மெனோர்' பின்னால் சேர்க்க வேண்டும். அண்ணன் 'எர்மானோ மயோர்', தங்கை 'எர்மானா மெனோர்'. ஸ்பெயினில் இளையவருக்கு 'பெக்கேஞோ, பெக்கேஞா' என்றும் சொல்வார்கள். நான்கு சகோதரிகளின் வரிசை மத்தில்தே, அத்ரியானா, ஃப்ரீதா, க்ரிஸ்தீனா. மூத்தவர் 'லா மயோர்', ஃப்ரீதா 'லா தெர்ஸேரா', கடைக்குட்டி 'லா மெனோர்'.

ஏழாவது தவறு இல்லை. ஆனால் ஸ்பானிஷ்காரர்கள் உடல் உறுப்பை 'தெனேர்' வைத்துத்தான் சொல்வார்கள், 'அவருடைய' என்ற சொல் இல்லாமல்: 'தியேனே எல் பேலோ நேக்ரோ', 'தியேனே லோஸ் ஓஹோஸ் நேக்ரோஸ்'. முடி ஒருமை, கண்கள் பன்மை. நிறமும் அதற்கேற்ப மாறியிருப்பதைப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் ஸ்பெயினில் 'யேபா காஃபாஸ்', மெக்ஸிகோவில் 'ஊஸா லேந்த்தெஸ்'.

தாழைமடல்:
அடைமொழிகளை ஒரே அட்டவணையாக மனப்பாடம் செய்வதைவிட நான்கு வகையாகப் பிரித்தால் எளிது. 'ஓ' வில் முடிபவை நான்கு வடிவம் எடுக்கும்: ஆல்த்தோ, ஆல்த்தா, ஆல்த்தோஸ், ஆல்த்தாஸ். 'ஏ' யில் முடிபவைக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை: இந்த்தெலிஹேந்த்தே, இந்த்தெலிஹேந்த்தெஸ். 'தோர்' என முடிபவை பெண்பாலில் 'ஆ' ஏற்கும்: த்ரபஹதோர், த்ரபஹதோரா. 'ஈஸ்த்தா' என முடிபவை ஆணுக்கும் அப்படியே: 'மி பாத்ரே எஸ் ஒப்த்திமீஸ்த்தா'. ஆண் என்பதற்காக 'ஒப்த்திமீஸ்த்தோ' என்று மாற்றிவிடாதீர்கள்.

இதில் ஒட்டாதது 'ஹோபென்', இளமையான. ஆண் பெண் இருவருக்கும் ஒன்றே. பன்மையில் 'ஹோபெனெஸ்', அப்போது மேற்கோடு சேரும்.

தமிழ் வழியாக வரும் இன்னொரு பிழை மரியாதைப் பன்மை. 'அம்மா வராங்க' என்ற பழக்கத்தில் 'மி மாத்ரே ஸோன்' என்று எழுதிவிடுவார்கள். அம்மா ஒருவர், ஒருமைதான்: 'மி மாத்ரே எஸ்'. எதிரே நிற்கும் பெரியவரிடம் மரியாதை காட்ட 'உஸ்தேத்' உண்டு. அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது வினையில் மரியாதை கிடையாது.

கரிசல்:
ஓவியத்தின் தலைப்பையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 'அபுவேலோஸ்' என்றால் சொல்லளவில் தாத்தாக்கள். ஆனால் ஓவியத்தில் இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி. 'பாத்ரேஸ்' என்பது அப்பாக்கள் அல்ல, அப்பாவும் அம்மாவும். கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மை. 'தீயோஸ்' என்றால் மாமாவும் அத்தையும். 'ஈஹோஸ்' என்றால் மகன்களும் மகள்களும். அதனால் 'தெங்கோ த்ரேஸ் எர்மானோஸ்' என்று ஒருவர் சொன்னால் மூவரும் ஆண்கள் என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்தது 'மிஸ்'. தமிழில் 'என் தாத்தா பாட்டி, அப்பா அம்மா' என்று ஒருமுறை 'என்' சொன்னால் போதும். தலைப்பில் அது இரண்டு முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகப் போடுவதே இயல்பு. 'மிஸ்' பன்மையாக இருப்பது பாட்டன் பாட்டி பலர் என்பதால். உடையவர் ஃப்ரீதா ஒருத்திதான். 'ஸு, ஸுஸ்' இரண்டுக்கும் இதே கணக்கு: நான்கு சகோதரிகளுக்கும் சேர்த்து ஓர் அப்பா என்றால் 'ஸு பாத்ரே'. 'நுவேஸ்த்ரோ' (நம்) ஆண்பால் பெண்பாலுக்கும் மாறும்: நுவேஸ்த்ரோ அபுவேலோ, நுவேஸ்த்ரா அபுவேலா.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் பெற்றோருக்கு 'பரியேந்த்தெஸ்' என்று எழுதிவிடுவார்கள். அது சொந்தக்காரர்கள்.

'இ' என்ற 'உம்' இடைச்சொல் 'ஈ' ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஏ' ஆகும். குடும்பப் பத்தியில் இது உடனே தேவைப்படும்: 'மாத்ரே ஏ ஈஹா', தாயும் மகளும்.

வெண்பலகை:
'மாமா' வுக்கு எந்தச் சொல்? அகராதியில் 'தீயோ' என்று மட்டும் இருக்கிறது.

தாழைமடல்:
நீங்கள் எந்த மாமாவைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அம்மாவின் சகோதரர் 'தீயோ மத்தெர்னோ'. அத்தையின் கணவர் 'தீயோ பொலீத்திகோ', அதாவது திருமணத்தால் வந்த உறவு. கணவனின் அல்லது மனைவியின் அப்பா 'ஸுவேக்ரோ'. மனைவியின் தம்பியை மாமா என்று கூப்பிடும் வழக்கம் இருந்தாலும் அவர் 'குஞாதோ'. பெரியப்பாவும் சித்தப்பாவும் 'தீயோ பத்தெர்னோ'.

எச்சரிக்கை வேண்டிய இடம்: பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்கிறோம். அவரை 'எர்மானோ' என்று அறிமுகம் செய்தால் கேட்பவர் உங்கள் பெற்றோரின் மகன் என்றே எடுத்துக்கொள்வார். பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா, யார் பிள்ளையானாலும் 'ப்ரீமோ, ப்ரீமா' தான். முறைப்பெண்ணும் ப்ரீமா, தங்கை முறை ஆனவளும் ப்ரீமா. அந்த வேறுபாடு ஸ்பானிஷில் சொல்லாகவே கிடையாது.

மறுபக்கம், ஆங்கிலத்தில் ஒற்றைச்சொல் கிடைக்காத இரண்டு தமிழ் உறவுகளுக்கு ஸ்பானிஷில் நேர்ச்சொல் உண்டு. சம்பந்தி 'கொன்ஸுவேக்ரோ, கொன்ஸுவேக்ரா'. சகலை 'கொன்குஞாதோ', ஓரகத்தி 'கொன்குஞாதா'. மெக்ஸிகோவில் 'கொன்கூஞோ' என்பார்கள். மருமகன் 'யெர்னோ', மருமகள் 'நுவேரா'. இந்த இரண்டும் ஓ–ஆ மாற்றத்தில் வராத தனிச் சொற்கள். அப்பா–அம்மா, கணவன்–மனைவி போல ஜோடியாகவே படித்துவிடுங்கள்.

பொதிகை:
ஃப்ரீதா குடும்பத்தில் இன்னும் ஒரு சொல் தேவை. அவர் அப்பா கியெர்மோவுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மரியா லுயீஸா, மர்கரீத்தா என்ற இரண்டு மகள்கள் இருந்தார்கள். அப்பா ஒருவர், அம்மா வேறு. அவர்கள் 'மேதியாஸ் எர்மானாஸ்'. 'எர்மானாஸ்த்ரா' என்பது பொதுவாக இரத்த உறவே இல்லாத, பெற்றோரின் மறுமணத்தால் வந்த சகோதரியைக் குறிக்கும். சிலர் பேச்சில் இரண்டையும் கலப்பார்கள். எழுத்தில் பிரித்துக்காட்டுவது நல்லது.

குடும்பப் பெயரும் உதவும். ஃப்ரீதாவின் முழுப்பெயரின் முடிவில் 'காலோ இ கல்தெரோன்' என்று வரும். முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. திருமணத்தால் அது மாறவில்லை. அப்பா மட்டும் பொதுவான சகோதரிகளுக்கு முதல் குடும்பப் பெயர்தான் பொதுவாக இருக்கும். குடும்பத்தையே மொத்தமாகச் சொல்ல 'லோஸ் காலோ'; பெயரில் பன்மை விகுதி சேர்க்க வேண்டாம்.

குறிஞ்சித்தேன்:
'இரு' என்று பொருள்படும் இரண்டு வினைகளான ஸேர் ('எஸ்' இதன் வடிவம்), எஸ்தார் ('எஸ்தா' இதன் வடிவம்) பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எளிய வழி: நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார். தமிழில் 'ஆக இருக்கிறார்' வந்தால் எஸ்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரிசல்:
இரண்டையும் ஏற்க முடியவில்லை. மரணத்தைவிட நிரந்தரம் எது? 'எஸ்தா முவேர்த்தோ' என்று எஸ்தார் தான் வருகிறது. இளமை கடந்துபோவது, 'எஸ் ஹோபென்' என்று ஸேர் வருகிறது. 'ஆக இருக்கிறார்' சோதனையும் உடையும்: 'உயரமாக இருக்கிறார்' என்பது 'எஸ் ஆல்த்தோ'.

இப்படிக் கேளுங்கள்: இவர் யார், எப்படிப்பட்டவர் என்றால் ஸேர். ஒரு மாற்றம் நடந்து அதன் விளைவாக இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்றால் எஸ்தார். தமிழில் வினையெச்சத்தோடு 'இரு' சேரும் இடங்கள் இதற்கு ஓரளவு நல்ல அடையாளம்: உட்கார்ந்திருக்கிறார், 'எஸ்தா ஸெந்த்தாதோ', களைத்திருக்கிறார், 'எஸ்தா கன்ஸாதோ'.

பொருளே மாறும் சொற்களைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'எஸ் லீஸ்த்தோ' புத்திசாலி, 'எஸ்தா லீஸ்த்தோ' தயார். 'எஸ் அபுர்ரீதோ' சலிப்பூட்டுபவர், 'எஸ்தா அபுர்ரீதோ' சலிப்பாக இருக்கிறார். மாமனாரைப் பற்றி எழுதும்போது இதில் தவறக் கூடாது.

குறிஞ்சித்தேன்:
சரி, மாற்றம் என்ற கோணம் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் 'எஸ் கஸாதா' (திருமணமானவர்) என்று சொல்வது தவறா?

நெய்தல்:
தவறில்லை, 'எஸ் கஸாதா', 'எஸ்தா கஸாதா' இரண்டும் உண்டு. யாரோடு என்று சொல்லும்போது எஸ்தார் தான் பெரும்பாலும் வரும்: 'எஸ்தா கஸாதா கொன் தியேகோ'. 'கொன்' என்பதை விட்டுவிடாதீர்கள். நம் 'ஓடு' அது. தொடக்கநிலையில் எஸ்தாரையே வைத்துக்கொண்டால் போதும். இறந்தவரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல 'எஸ்தா முவேர்த்தோ' வைவிட 'ஃபயெஸியோ', காலமானார், நல்லது.

வெண்பலகை:
எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன்:

'ஃப்ரீதா எஸ் பிந்த்தோரா. ஸு பாத்ரே, கியெர்மோ, எஸ் ஃபொத்தோக்ரஃபோ. தியேனே த்ரேஸ் எர்மானாஸ் இ தோஸ் மேதியாஸ் எர்மானாஸ். க்ரிஸ்தீனா எஸ் மெனோர் கே ஃப்ரீதா இ தியேனே ஊனா ஈஹா, இஸோல்தா. ஃப்ரீதா தியேனே எல் பேலோ நேக்ரோ. எஸ்தா கஸாதா கொன் தியேகோ. கியேரே ஆ ஸு பாத்ரே.'

கரிசல்:
இலக்கணப்படி ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் வினை விகுதியே ஆளைக் காட்டுவதால் எழுவாயை விடலாம். 'தெங்கோ' என்றாலே 'நான்'. ஆனால் 'தியேனே' யாருக்கும் பொருந்தும். முந்தின வாக்கியத்தின் எழுவாய் கியெர்மோ. எனவே நீங்கள் எழுதியதன்படி மூன்று சகோதரிகள் இருப்பது அவருக்கு. 'ஃப்ரீதா தியேனே' என்று பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும். கடைசி வரியில் 'கியேரே ஆ ஸு பாத்ரே' கூட தியேகோவின் அப்பாவோ என்று தோன்ற இடம் தருகிறது. 'ஃப்ரீதா கியேரே முச்சோ ஆ ஸு பாத்ரே' என்று எழுதினால் யாருடைய பாசம் என்பது தெளிவாகிவிடும்.

தாழைமடல்:
இஸோல்தாவை ஃப்ரீதாவோடு இணைத்து ஒரு வாக்கியமும் சேருங்கள், 'தெ' பழகுவதற்கு. 'ஃப்ரீதாவின் தங்கையின் மகள்' என்று தமிழில் எழுதி, வலமிருந்து இடமாகப் படியுங்கள்: மகள், தங்கை, ஃப்ரீதா. இடையில் 'தெ' போடுங்கள். 'இஸோல்தா எஸ் லா ஈஹா தெ லா எர்மானா தெ ஃப்ரீதா.' பிறகு அதே பொருளை ஒரே சொல்லில்: 'எஸ் ஸு ஸொப்ரீனா'.

வெண்பலகை:
இரண்டு இடத்திலும் பெயரைச் சேர்த்துவிட்டேன். கடைசியில் 'இஸோல்தா எஸ் லா ஸொப்ரீனா தெ ஃப்ரீதா' என்று வைத்திருக்கிறேன். அங்கே 'ஸு' போட்டிருந்தால் தியேகோவின் ஸொப்ரீனா என்றும் படிக்கலாம் அல்லவா?

கரிசல்:
ஆம், படிக்கலாம். 'தெ ஃப்ரீதா' தான் சரி.